வரதன் ஸ்நோ டூர்ஸ்

மெல்பேர்ன் தமிழர்கள் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குக் கட்டாயம் காட்டவேண்டியவை மூன்று. கடலுக்குள் நிற்கும் பாறைகள், மாலையில் கரையேறும் பென்குயின்கள், பனி. முதல் இரண்டையும் பார்க்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்களை ஊர் மன்னித்துவிடும். பனியைப் பார்க்காமல் போனவர்களுடைய பாடுதான் கஷ்டம். மகன் அவுஸ்திரேலியாவில் சொந்த வீடு வாங்கிவிட்டான் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் "ம்" என்பார். சேலைக்கு மேல் ஊதாநிறக் குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிடி பனியோடு அம்மா நிற்கும் படத்தைக் காட்டினால்தான், பிள்ளை உண்மையாகவே வெளிநாட்டில் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்வார்.

அந்த அத்தாட்சியை இருபது வருடங்களாக வழங்கிவந்தவர் வரதராஜா. மல்கிரேவில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறார். புங்குடுதீவில் பிறந்தவர். தொண்ணூற்றாறில் இங்கே வந்து, இரண்டு வருடம் கோழித் தொழிற்சாலை, ஆறு வருடம் டாக்சி என்று நாட்டுக்கு உழைத்த பிறகு, ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பஸ்ஸை வாங்கி, அதன் பக்கவாட்டில் 'வரதன் ஸ்நோ டூர்ஸ்' என்று நீலத்தில் எழுதுவித்தார். எழுத்துகளின் தலையில் பனி கொட்டிக்கிடப்பதுபோல வெள்ளைப் பெயின்ற் அடிக்கச் சொன்னார். பெயின்ற்காரர் அடித்த விதத்தில் அது காகம் எச்சமிட்டதுபோல வந்தது. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் மீசை அப்படிப்பட்டது.

ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் காலை ஐந்தரைக்குப் பஸ் புறப்படும். நாற்பத்தெட்டு இருக்கைகள். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். சர்க்கரை, பிரஷர், முழங்கால் என்று எல்லாவற்றையும் கூடவே கூட்டிவருபவர்கள். வரதராஜாவின் மனைவி கமலினி ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து நூற்றைம்பது மரக்கறி ரோல்ஸ் சுடுவார். பழந்துணிக் கடைகளில் தேடிச் சேர்த்த ஐம்பது குளிர்க்கோட்டுகளும் அவர் துவைத்து மடித்தவைதான். இந்தத் தொழிலின் முதலாளி யார் என்று கேட்டால் வரதராஜா தன்னைத்தான் காட்டுவார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பனியே பிடிக்காது. மலையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, பஸ் ஹீட்டரைக் கூட்டிவைத்து, போத்தலில் கொண்டுவந்த, பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தபடி தமிழ் வானொலி கேட்டுக்கொண்டு இருப்பார். "ஐஸ்பெட்டியைத் திறந்து தலையை உள்ளுக்கு விட்டாலும் இதுதான்" என்பது பனியைப் பற்றிய அவருடைய கருத்து. ஆனால் பயணிகளிடம் மைக்கில், "இயற்கையின் வெள்ளைக் கம்பளம்" என்று சொல்வார்.

மலைக்குப் போகும் வழியில், நாலு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, கிளென்டரி என்ற ஊரில் பஸ் நிற்கும். இருநூறு பேர் வாழும் ஊர். ஒரு பேக்கரி, ஒரு மதுக்கடை, ஒரு பெற்றோல் பம்ப், ஒரு பொதுக் கழிவறை. மலையின் மழை விழாத பக்கத்தில் இருப்பதால், மேகங்கள் மறுபக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறுங்கையோடுதான் இந்தப் பக்கம் வரும். பேக்கரியை நடத்துபவர் நோலீன். அறுபது வயது, உயரமான பெண். சிரிப்பதற்கு முன் இரண்டு முறை யோசிப்பவர். பொதுக் கழிவறையின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. உள்ளூராட்சி சபை அதைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தது.

ஒவ்வொரு வியாழனும் வரதராஜா நோலீனுக்குப் போன் எடுத்து மலையில் எவ்வளவு பனி என்று கேட்பார். ஆரம்ப வருடங்களில் பதில் முழங்கால் கணக்கில் வந்தது. பிறகு கணுக்கால். பிறகு ஒருநாள் நோலீன், "ஒரு கிளாஸ் ஜின்னுக்குப் போதும்" என்றார். வரதராஜாவுக்கு அது எத்தனை அங்குலம் என்று விளங்கவில்லை. போய்ப் பார்த்தபோது விளங்கியது.

பனி அப்படித்தான் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. முதலில் கிளென்டரியின் கூரைகளிலேயே கிடந்தது. பிறகு ஊருக்கு மேலேயுள்ள இரண்டாவது வளைவுக்குப் போயிற்று. பிறகு மேல் கார் பார்க்குக்கு. வரதராஜாவின் விளம்பரமும் அதோடு சேர்ந்து பின்வாங்கியது. 'பனி நிச்சயம்' என்று இருந்தது 'பனி பெரும்பாலும் நிச்சயம்' ஆனது. சட்டம் படிக்கும் மகள் மயூரா அதைப் பார்த்துவிட்டு, 'நிச்சயம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'ஸ்நோ எக்ஸ்பீரியன்ஸ்' என்று போடச் சொன்னாள். எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கவில்லை என்று யாரும் வழக்குப் போடமுடியாதாம். படத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது 2004இல் எடுத்தது. அதில் இருக்கும் அங்கிள் காலமாகிப் பல வருடங்கள்.

மழையும் பொய்த்து மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்த ஆகஸ்டில், மாமா மாமிக்குத் துணையாக நானும் அந்தப் பஸ்ஸில் போனேன். எங்களுக்கு முன் இருக்கையில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் நாகராஜன், பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு என்று முப்பத்திரண்டு வருடம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ராதா, அதிகம் பேசாதவர். மகன் ஜெகதீஷ் ஐ.டி.யில் இருக்கிறான், பெற்றோரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

மூன்று மணி நேரம் நாகராஜன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். புல்வெளி எல்லாம் பிஸ்கட் நிறத்தில் கிடந்தது. ஆட்டு மந்தைகள் வெறும் தரையை முகர்ந்துகொண்டு நின்றன.

"தம்பி, இதென்ன, எங்க ஊர்ல சித்திரை மாசம் மாதிரி இருக்குது. பனி பாக்கத்தான கூட்டிட்டுப் போறீங்க" என்று டிரைவருக்குக் கேட்கும்படி சொன்னார்.

"மேல இருக்கு ஐயா. மேல போனால்தான் தெரியும்" என்றார் வரதராஜா. மதத் தலைவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

கிளென்டரியில் பஸ் நின்றது. நாற்பத்தேழு பேர், நாலு மணி நேரம் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே திசையில் நடந்தார்கள். கழிவறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அதன்மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தண்ணீர் இல்லாததால் மூடப்பட்டிருக்கிறது, அடுத்த கழிவறை அறுபத்தொரு கிலோமீற்றரில், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சபை அச்சடித்திருந்தது. அதன் மூலையில் கைகளைக் கழுவும் ஒரு படமும் போட்டிருந்தார்கள்.

வரதராஜா பேக்கரிக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். நோலீன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை கேட்டபோது ஏன் சொல்லவில்லை?" என்றார் வரதராஜா ஆங்கிலத்தில்.

"பனி எவ்வளவு என்று கேட்டாய். அதற்குப் பதில் சொன்னேன். தண்ணீர் எவ்வளவு என்று நீ இருபது வருடத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை."

வரதராஜா மீசையைத் தடவினார். நோலீன் தொடர்ந்து பேசினார். குரலில் கோபம் இல்லை. பாண் விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். ஊருக்கு வேறு ஆறோ அணையோ கிடையாது. மலையிலிருந்து வரும் ஒரேயொரு ஓடைதான். குளிர்காலத்தில் பனி மேலே குவிந்துகிடக்கும், செப்டம்பரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருகி, கோடை முடியும் வரைக்கும் ஓடையில் வந்துகொண்டிருக்கும். யாரும் கட்டாமலே மலைமேல் ஒரு தண்ணீர்த் தாங்கி. மூன்று வருடமாக அந்தத் தாங்கி நிரம்பவில்லை. போன தை மாதமே ஓடை கல்லாகிவிட்டது. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை லொறியில் தண்ணீர் வருகிறது, டிரைவர் கிடைத்தால்.

வரதராஜா இதையெல்லாம் ஒரு புதிய மதத்தைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார். பனி என்பது படம் எடுப்பதற்காக இறைவன் படைத்தது என்றே அதுவரை நம்பியிருந்தார் என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

"வயதானவர்கள் இருக்கிறார்கள் நோலீன்."

"தெரிகிறது. பூட்டைத் திறக்கிறேன். ஊற்றுவதற்குத் தண்ணீர் உன்னுடையது."

பஸ்ஸில் பயணிகள் குடிப்பதற்காக வைத்திருந்த போத்தல் தண்ணீர் பன்னிரண்டு பெட்டி இருந்தது. ஒன்றை வழியிலேயே குடித்து முடித்திருந்தார்கள்; வரதராஜா இரண்டு பெட்டிகளை உடைத்து வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு போத்தல் கொடுத்தார். ஊற்று நீர், மலைத் தூய்மை என்று லேபலில் எழுதியிருந்தது. நாகராஜன் தன் பங்கை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் படித்தார்.

"முப்பத்திரண்டு வருசம் தண்ணி டிபார்ட்மெண்ட்ல இருந்தேனுங்க. மினரல் வாட்டர்ல கக்கூஸ் கழுவற அளவுக்கு நாங்க முன்னேறல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வரதராஜா சிரிக்கவில்லை. அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மலைக்கு மேலே பனி இருந்தது. வரதராஜாவின் விளம்பரத்தைப் பொய் என்று யாரும் சொல்லமுடியாது. பாட்மின்ரன் கோர்ட் அளவில் ஒரு வெள்ளைப் பட்டை. சுற்றிக் கயிறு கட்டி, வாசலில் இலக்கச் சீட்டுக் கொடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஐந்து நிமிடம் என்று உள்ளே விட்டார்கள். பட்டையின் தலைமாட்டில் பெரிய மின்விசிறிபோல ஒரு இயந்திரம் நின்றது. முந்தின இரவு அதுதான் இந்தப் பனியைத் துப்பியிருந்தது. சுற்றிலும் மலை மொட்டையாக, பழுப்பாக, எதுவும் நடக்காததுபோல நின்றது.

நாகராஜன் படம் எடுக்கும் வரிசையில் நிற்காமல் நேரே அந்த இயந்திரத்திடம் போனார். பக்கத்தில் நின்ற இளைஞனிடம் தன்னுடைய பி.டபிள்யூ.டி. ஆங்கிலத்தில் விசாரணையைத் தொடங்கினார்.

இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே ஒரு சின்னக் குளம் கட்டியிருக்கிறோம் சார், ஓடையிலிருந்து. கீழே ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து? அதே ஓடை சார். அப்படியானால் நீங்கள் எடுத்தது போக மிச்சம்தான் அவர்களுக்கா? இல்லை சார், நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை, கடன் வாங்குகிறோம். பனி உருகினால் எல்லாம் கீழே அவர்களிடமே போய்விடும்.

"எப்ப உருகும்?"

இளைஞன் வெயிலை அண்ணாந்து பார்த்தான். "இன்றைக்கு மத்தியானம்."

நாகராஜன் திரும்பி வந்து என்னிடம் சொன்னார். "சார், நம்ம ஊர்ல மேல்மடைக்காரன் தண்ணிய அடைச்சுகிட்டா அருவாள எடுத்துட்டு வருவான். இங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து போட்டோ எடுத்துக்கறாங்க."

எங்கள் இலக்கம் வந்தது. மாமியும் மாமாவும் ஊதாக் கோட்டில் நின்றார்கள். பின்னணியில் பழுப்பு விழாதபடி நான் முட்டுக்காலில் இருந்து, கீழிருந்து மேலாக எடுத்தேன். படத்தில் அது அந்தாட்டிக்கா போலவே வந்தது. முகநூலில் போட்டதும் யாழ்ப்பாணத்தில் அறுபத்திரண்டு பேர் அதை விரும்பினார்கள்.

ராதா உள்ளே போகவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குத் திரும்பி, முன் படியில் நின்றபடி வரதராஜாவிடம் பேசியதை நான் கேட்டேன்.

"தம்பி, தண்ணிப் பொட்டி இன்னும் எத்தன இருக்குது?"

"ஒன்பது இருக்கு அக்கா."

"திரும்பி எறங்கறப்ப அந்த அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிரலாமே. நாங்க எத்தனைய குடிச்சிரப் போறோம்."

அந்தப் பெட்டிகள் அடுத்த சனிக்கிழமைக்கும் சேர்த்து வாங்கியவை. வரதராஜா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கூட்டினார். பிறகு, "ஓம் அக்கா" என்றார். இந்த ஊரில் தர்மம் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. ஒரு அக்கா கேட்டுவிட்டால் வேறு வழியில்லை.

இறங்கும் வழியில் ஒன்பது பெட்டிகளையும் பேக்கரி வாசலில் அடுக்கினார். நோலீன் பார்த்தார்.

"அடுத்த சனியும் வருகிறாயா?"

"வாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் வரதராஜா. நோலீனுக்கு அது விளங்கியது.

திங்கட்கிழமைக்குள் இணையத்தில் இரண்டு விமர்சனங்கள் வந்திருந்தன. ஒன்று, 'பனி இல்லை, டொய்லெட் இல்லை, ரோல்ஸ் நல்லது.' மற்றது ஜெகதீஷ் எழுதியது. இயற்கை வளங்களின் மேலாண்மை குறித்து அப்பாவுக்கு ஏற்பட்ட ஏமாற்றம் என்று நாலு பத்தி. அப்பா சொன்னதாக அதில் இருந்த ஒன்றும் அப்பா சொன்னதில்லை. நட்சத்திரம் மட்டும் ஒன்று.

வரதராஜா அசரவில்லை. இருபது லீற்றர் பிடிக்கும் நீலக் கான்கள் முப்பது வாங்கி, வீட்டுக் குழாயில் நிரப்பி, பஸ்ஸின் அடிவயிற்றில் பெட்டி படுக்கை வைக்கும் இடத்தில் ஏற்றினார். அது தர்மம் இல்லை, வியாபாரம் என்று எனக்கு விளக்கினார். கான்கள் ஊருக்கு, கழிவறைச் சாவி பயணிகளுக்கு. நோலீன் உடன்பட்டார். கமலினியிடம் யாரும் கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ, பஸ்ஸுக்குள்ள தள்ளுவண்டி வைக்க இடமில்லை எண்டு ஆக்கள் எனக்குப் போன் பண்ணிப் பேசுதுகள்" என்றார் கமலினி, ரோல்ஸைப் பொரித்துக்கொண்டே. "நாங்கள் பனி பார்க்க வந்தனாங்களோ, தண்ணி காவ வந்தனாங்களோ எண்டு கேக்குதுகள். நான் என்ன சொல்லுறது?"

"ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்லும். அது உறைஞ்ச தண்ணி, இது உறையாத தண்ணி."

"அப்ப உறையாததை வீட்டில வச்சே காட்டலாம். நாலு மணித்தியாலம் ஏன் ஓடுவான்?"

செப்டம்பர் முதல் சனிக்கிழமை பஸ்ஸில் பதினொரு பேர்தான் ஏறினார்கள். கான்கள் நாற்பது.

அக்டோபரில் உள்ளூராட்சி சபை விழித்தெழுந்தது. நகரத்திலிருந்து ஆலோசகர்களை அழைத்து, கிளென்டரி மண்டபத்தில் ஒரு பட்டறை வைத்தது. வரதராஜாவுக்கும் அழைப்பு வந்தது. பல்பண்பாட்டுச் சமூகங்களின் பிரதிநிதி என்று. முப்பத்தைந்து பேர் வட்டமாகக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்து, தண்ணீர் என்றதும் மனதில் தோன்றும் உணர்வை எழுதி சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நோலீன் 'இல்லை' என்று எழுதி ஒட்டினார். ஆலோசகர் அதை மிக ஆழமான பங்களிப்பு என்றார். பிறகு எல்லோருக்கும் ஒரு மணற்கடிகாரம் பரிசளித்தார்கள். குளிக்கும்போது அதைக் கவிழ்த்து வைத்து, நாலு நிமிடத்தில் குளித்து முடிக்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வாளியில் குளித்துக்கொண்டிருந்த ஊருக்கு நாலு நிமிடம் என்பது பெரிய ஆடம்பரமாகத் தெரிந்தது.

கேள்வி நேரத்தில் வரதராஜா கையை உயர்த்தினார். "பவுசர் வாரத்துக்கு எத்தினை தரம் வரும்?"

ஆலோசகருக்குப் பவுசர் என்றால் என்னவென்று தெரியவில்லை. தண்ணீர் லொறியைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம் என்று விளக்கவேண்டியிருந்தது. புங்குடுதீவில் கிணறு வெட்டினால் உப்புத்தான் வரும். குடிதண்ணீர் பவுசரில் வந்து, வாளி வரிசையில் நின்று வாங்கி வளர்ந்தவர் வரதராஜா. அது அப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. இப்போது, ஒரு மண்டபம் நிறைந்த வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், அந்த அறிவு உள்ள ஒரே ஆள் அவர்தான்.

லொறி இருக்கிறது, டிரைவர்தான் இல்லை என்று தண்ணீர் ஏற்றும் ஒப்பந்தக்காரர் பின்வரிசையிலிருந்து சொன்னார். கனரக வாகன லைசன்ஸ் இருக்கவேண்டும், மலைப்பாதையில் ஓடத் தெரியவேண்டும், மாதக் கணக்கில் இங்கே நிற்கவேண்டும். அப்படிப்பட்ட மனிதர்கள் எல்லோரும் சுரங்கங்களுக்குப் போய்விட்டார்கள்.

வரதராஜா வீட்டுக்கு வந்து தேநீர் குடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது என்று கமலினி சொன்னார்.

"நான் அந்த லொறியை ஓடப் போறன்."

கமலினி கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"பனி காட்டுறது?"

"பனி எங்க இருக்கு காட்டுறதுக்கு? இருபது வருசமா அந்தச் சனத்தின்ர ஊரில நான் ஆக்களைக் கொண்டுபோய் இறக்கினனான். அவேன்ர தண்ணியிலதான் எல்லாரும் கை கழுவினவை. நான் ஒரு நாளும் யோசிக்கேல்லை."

"பாவமன்னிப்போ?"

"இல்லை. வேலை."

கமலினி கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "வெள்ளிக்கிழமையில நூற்றைம்பது ரோல்ஸ் சுடத் தேவையில்லை எண்டால் எனக்குப் பிரச்சினை இல்லை" என்றார். சொல்லிவிட்டு அவர் அழுதார் என்று மயூரா பிறகு என்னிடம் சொன்னாள். கமலினி அதை மறுக்கிறார்.

வேலை எளிதாகக் கிடைக்கவில்லை. ஒரு ஊர் தாகத்தில் இருக்கிறது என்பதற்காகப் பத்திரங்களைத் தவிர்த்துவிட முடியுமா? பொலிஸ் அறிக்கை கேட்டார்கள். லொறியின் முதுகில் ஏறி மூடியைத் திறக்கவேண்டியிருப்பதால், உயரத்தில் வேலை செய்வதற்கான ஒருநாள் பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்கள். டான்டினாங்கில் ஒரு கொட்டகையில் இடுப்பில் வார் கட்டி, இரண்டு மீற்றர் ஏணியில் ஏறி இறங்கிச் சான்றிதழ் வாங்கினார். விண்ணப்பத்தில் 'தூரப் பிரதேச நீர் விநியோகத்தில் முன்னனுபவம்' என்ற கட்டத்தில், 'பத்தொன்பது வருடம், வாளியோடு' என்று எழுதினார். அதிகாரி தொலைபேசியில் அழைத்து, வாளி என்பது எந்த வகை உபகரணம் என்று கேட்டார்.

நவம்பர் நடுவில் தொடங்கினார். பஸ்ஸை, பள்ளத்தாக்கில் வைன் தோட்டங்களைச் சுற்றிக்காட்டும் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவர் முதல் வேலையாக அந்த வெள்ளைப் பெயின்ற்றை அழித்தார்.

திங்கள் முதல் வெள்ளி வரை வரதராஜா இப்போது நோலீனின் பின்வளவில் உள்ள அறையில் தங்குகிறார். எழுபது கிலோமீற்றர் தள்ளியுள்ள பெரிய ஊரில் லொறியை நிரப்பி, கிளென்டரியின் பொதுத் தாங்கியில் இறக்கி, பிறகு மலையடிவாரத்தில் தனித்தனியாக இருக்கும் வீடுகளுக்கும் போகிறார். நான் ஒருமுறை ஒரு நாள் முழுக்க அவரோடு லொறியில் போனேன். டக் என்ற எண்பது வயது ஆட்டுப் பண்ணைக்காரர் வேலியருகே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இருபது நிமிடம் பிந்திவிட்டாய்."

"வீதியில் கங்காரு."

"எந்த ஊர் நீ?"

"மல்கிரேவ்."

டக் அதை யோசித்தார். "அங்கே தண்ணீர் இருக்கிறதா?"

"குழாயைத் திறந்தால் வருகிறது."

"அப்படியானால் இங்கே எதற்கு வந்தாய்?"

வரதராஜா குழாயின் முனையைத் தாங்கியின் வாயில் பொருத்தி, வால்வைத் திறந்தார். தாங்கியின் வெறும் வயிற்றில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கிழவர் கேள்வியை மறந்துவிட்டார். கையை அந்தத் தகரத்தில் வைத்து, மட்டம் ஏறுவதை உள்ளங்கையால் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கிண்டலாக ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பும்போது லொறியில் போன் அடித்தது. பென்டில் ஹில்லிலிருந்து ஒருவர். சிட்னி.

"அண்ணை, வாற ஜூலையில அம்மா அப்பா வருகினம். மெல்பேர்ன் பக்கம் வாறம். அந்த முறை ஸ்நோ இருக்குமோ?"

"ஸ்நோ இல்லைத் தம்பி. தண்ணி இருக்கு. பார்க்கப் போறியளோ?"

பென்குயின் எப்படி என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

தை மாதக் கடைசியில் மழை வந்தது. ஊர் முழுவதும் தெருவில் இறங்கி நின்று நனைந்தது. மதுக்கடையில் எல்லோருக்கும் இலவசமாக ஊற்றினார்கள். சபைத் தலைவர் குடையில்லாமல் நின்று படம் எடுத்து வெளியிட்டார். ஓடையும் பொங்கி வந்தது. மூன்று வருடம் காய்ந்து பொடியாகிக் கிடந்த மலைமண் முழுவதையும் அள்ளிக்கொண்டு, கோப்பி நிறத்தில் வந்தது. இரண்டு நாளில் அது வடிந்தும் போயிற்று. மழைக்குப் பனியைப்போல மலையில் தங்கியிருந்து தவணை முறையில் கொடுக்கும் பழக்கம் கிடையாது. சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டிகள் சேற்றால் அடைத்துக்கொண்டன. குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம், சமைக்கவேண்டாம், பல் துலக்கவும் வேண்டாம் என்று சபை அறிவித்தது. கையெழுத்துப் போட்டவர் அதே தலைவர்.

ஆகவே நல்ல மழை பெய்த அந்த வாரத்தில்தான் கிளென்டரிக்கு மிக அதிகமான லொறிகள் தேவைப்பட்டன. வரதராஜா சனி, ஞாயிறும் ஓட ஒப்புக்கொண்டார். வெள்ளி மத்தியானம் நோலீனின் பேக்கரி வாசலில் நின்று கமலினிக்குப் போன் எடுத்தார். நானும் அப்போது கமலினியோடு மல்கிரேவ் வீட்டுக் குசினியில் இருந்தேன்.

"இந்தக் கிழமை வரேலாது கமலி. இஞ்ச நல்ல மழை."

"அப்ப நல்லதுதானே. பிறகென்ன?"

"மழை பெஞ்சதால தண்ணி இல்லை."

கமலினி போனை என் பக்கம் நீட்டினார். "இதை நீங்களே கேளுங்கோ. எனக்கு விளங்கேல்லை" என்றார். நான் கேட்டேன். பின்னணியில் லொறியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நோலீன் யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் நிற்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வரதராஜா வைத்துவிட்டார்.